நேர்ந்துவிட்ட பிள்ளை

பிரகாசிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உலை கொதிக்கிற நேரத்துக்குள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துவிடுவாள். பூசையில் பிரசங்கம் நீண்டால், முன் வரிசைப் பிள்ளையின் மடங்கிப்போன காலரை எட்டிச் சரிசெய்வாள். அவள் கணவன் செல்வின் துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறவன். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறார்களோ என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவதாக, மாசம் நிறையும் முன்பே பிறந்தவன் ரெமிஜியுஸ். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடந்தான். டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை. பிரகாசி ஒருவரிடமும் சொல்லாமல், தையல் ஆறாத உடம்போடு பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனாள். மணல்மேட்டின் மேலே திருச்சிலுவைக் கோயிலில் முழங்காலிட்டு, இவனை எனக்குத் தந்துவிடும், வளர்ந்ததும் உமது பீடத்துக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்த நேர்ச்சையை அவள் மறைக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்லும்போது கடைசிக் கருத்தாக அதைத்தான் சத்தமாகச் சொல்லுவாள். ரெமி நடக்கத் தொடங்கும் முன்பே தெருவுக்கு அவன் 'குட்டிச் சாமி'. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், சாமியாருக்குப் படிக்கச் செமினரிக்குப் போகிறாயா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. எந்தத் தேதியில் போகவேண்டும் என்றுதான் பேசினார்கள். அவனும் போனான். வெள்ளை அங்கி வாங்கியபோது எடுத்த படம் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்படி தொங்கியது. கல்யாண வீடுகளில் பிரகாசிக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவனுடைய முதல் பூசைக்கு யார் யாரை அழைப்பது, பந்தியில் என்ன பரிமாறுவது என்பதெல்லாம் அவள் மனதில் எப்போதோ முடிவாகியிருந்தது.

இந்த வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தவன், ஜூன் பிறந்தும் பெட்டியை எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"எம்மா, நான் இனி செமினரிக்குப் போகல."

பிரகாசியின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அங்கே யாரும் ஏதும் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை என்றான். பாடம் கஷ்டமா? இல்லை. யாராவது பொண்ணு? அதுவும் இல்லை. எத்தனையோ மாதம் யோசித்துவிட்டேன், அந்த வாழ்க்கை எனக்கானது இல்லை என்று தெரிந்துவிட்டது, செமினரிப் பெரிய சாமியாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றான். செல்வின் ஒரு மீன் துண்டை எடுத்து மகன் தட்டில் வைத்தான்.

அன்றிலிருந்து பிரகாசிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம்; எத்தனை தரம் பெருக்கினாலும் தரையில் மணல் நெறுநெறுத்தது. அவள் காலையில் பெருக்கினாள், மத்தியானம் பெருக்கினாள், விளக்கு வைக்கும் முன்னும் பெருக்கினாள். பரணில் கிடந்த பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். ரெமி உள் அறையில் புத்தகத்தோடு படுத்திருந்தான். அவன் புரண்டு படுத்தால்கூட இவளுக்கு அடுக்களையில் கேட்டது.

பக்கத்து வீட்டு ஜீவமணிதான் அந்தத் தெருக்காரர்கள் வாராவாரம் கூடிச் செபிக்கும் அன்பியத்தின் தலைவி. வாரக் கூட்டத்தில் செபம் முடிந்ததும், குட்டிச் சாமி எப்போது கிளம்புகிறார் என்று கேட்டாள். செமினரியில் லீவை நீட்டியிருக்கிறார்கள் என்று பிரகாசி பொய் சொன்னாள். சனிக்கிழமை அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு வரும்போது வேறொருத்தி கேட்டாள். அதே பொய்யைத் திரும்பவும் சொன்னாள்.

பிறகு, ரெமிக்குத் தெரியாமல் செமினரிக்குப் போன் போட்டாள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் அவனாகவே முழு மனதோடு வரவேண்டும் என்றார் பெரிய சாமியார். முதல் பாதி மட்டும்தான் பிரகாசியின் காதில் ஏறியது. மறுநாள் அவன் வெளியே போயிருந்த நேரத்தில் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு, அங்கியை இஸ்திரி மடிப்பு கலையாமல் அடியில் வைத்து, சட்டை, துண்டு, வீட்டில் செய்த முறுக்கு என்று அடுக்கி முடித்தாள். திரும்பி வந்தவன் பெட்டியைப் பார்த்தான். ஒவ்வொரு சட்டையாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான். அவள் எடுத்து மறுபடியும் பெட்டியில் போட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே மாற்றி மாற்றிச் செய்தார்கள். கடைசியில் அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே வெளியே போனான்.

மறுநாள் விடிந்ததும், பால் வாங்கப் போகிறவள் மாதிரி கிளம்பிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பையில் போன் இருந்தது, அணைத்து வைத்திருந்தாள். உப்பளங்களைத் தாண்டி, திருச்செந்தூரில் முருகன் கோயிலுக்கு வந்த கூட்டத்துக்குள் புகுந்து வேறு பஸ் மாறி, மணப்பாட்டில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. மேட்டில் ஏறும்போது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது.

கோயிலில் ஆள் இல்லை. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டுதான் வந்தாள். முழங்காலிட்டதும் கோபம்தான் வந்தது. சொன்னபடி கொடுத்தேனே, கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் நான் என்ன செய்ய, எனக்கு வேறு பிள்ளையா இருக்கிறது என்று வாய்விட்டே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு வாயில் மிஞ்சியது இதுதான்: "ஊர் மொகத்துல நான் எப்படி முழிக்க?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. இத்தனை நாளும் தன்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு என்றல்லவா நினைத்திருந்தாள். ஆண்டவரைவிட ஜீவமணிக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறோம் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. எழுந்து வெளியே வந்து, காற்று படாத சுவர் ஓரமாக நின்று போனை ஆன் செய்தாள். அடுத்த நிமிஷமே மணி அடித்தது. ரெமி.

"எங்கம்மா இருக்க?"

மணப்பாட்டில் என்றாள். அங்கேயே இரு, வருகிறேன் என்றான். அவளைத் தேடி அப்பாவும் மகனும் ஆளுக்கொரு திசையாக அலைந்து, கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் அப்பாவின் வண்டியில் வந்து சேர்ந்தான். தலையெல்லாம் புழுதி. மேட்டின் அடியில் இருந்த கடையில் டீ சொன்னார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. நான் கொடுத்த வாக்கு உனக்கு ஒரு பொருட்டே இல்லையா என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"அது ஒண்ணுதாம்மா எனக்குப் பொருட்டா இருந்துச்சு" என்றான் ரெமி. "கூடப் படிக்கவனுவ எல்லாம் ஆண்டவர் கூப்பிட்ட கதையச் சொல்லுவானுவ. நானும் கோயில்ல போயி உக்காந்து உக்காந்து பாத்தேன். எனக்கு உன் குரல்தான் கேட்டுது. சாயங்காலம் செபமாலையில சொல்லுவியே, அந்தக் குரல்."

பிரகாசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ தாங்குவியா?"

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். திருச்செந்தூரில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தாள். மூன்று இட்லியோடு எழுந்திருக்கப் பார்த்தவனை உட்கார வைத்து, இன்னும் இரண்டு வைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் மிச்சம் கிடந்த துணிகளை அவளே எடுத்து அலமாரியில் வைத்தாள். அங்கியை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜூலைக் கடைசியில் பனிமய மாதா கோயிலில் கொடியேறியது. மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கின. கோயில் வாசலில் பத்துப் பெண்கள் கூடி நிற்கும்போது ஜீவமணி மறுபடியும் கேட்டாள். அவன் வந்துவிட்டான், இனிமேல் போகமாட்டான் என்று பிரகாசி சொன்னாள். ஒருத்தி இழவு வீட்டில் பிடிக்கிற மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வினின் அத்தை ஒருத்தி, சாமிக்கு நேர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் குடும்பம் விளங்காது என்றாள். பிரகாசி குரல் உயராமல், "அவன நேந்தது நான். விளங்காமப் போனா நான் போறேன், அத்தை. எம்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய" என்றாள். அந்தத் திருவிழா அவளுக்குத் திருவிழாவாகவே இல்லை. மாதாவின் சப்பரம் வரும்போதுகூட யார் தன்னைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்புகிறார்கள் என்றே கண் அலைந்தது.

சுவரில் தொங்கும் படத்தை எடுத்துவிடலாம் என்று ரெமியே சொன்னான். அவள் கேட்கவில்லை. "அதுவும் நீதானல" என்றாள். வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பார்ப்பார்கள். சங்கடம்தான், இருந்தாலும் படம் அங்கேயே இருக்கிறது.

ரெமிக்கு ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை கிடைத்தது. ஹெல்மெட்டும் சிவப்புச் சட்டையுமாகக் கப்பல்களில் ஏறி இறங்குகிறான். ஆளும் கலகலப்பாகிவிட்டான். ஞாயிறு பூசைக்குக் கோயிலில் இரண்டாவது மணி அடித்த பிறகுதான் எழுந்திருக்கிறான்; அதற்காக வாரம் தவறாமல் திட்டு வாங்குகிறான்.

பிரகாசிக்கு மனது முழுசாக அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால், மழை நாளில் கப்பலிலிருந்து திரும்ப நேரமானால், அந்த அத்தையின் வார்த்தை வந்து நெஞ்சில் நிற்கும். கொஞ்ச நாளாக வியாழக்கிழமைகளில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பெண்கள் வார்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, சிக்கெடுத்துத் தலைவாரிப் பின்னிவிட்டு வருகிறாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அன்பியத்திலும் அவள் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு நாள் அவள் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது செல்வின் கேட்டான்:

"நேர்ச்சைக்குப் பதிலா இதச் செய்யியா?"

அவள் கடைசிக் கஞ்சியையும் வழித்து ஊற்றினாள்.

"தெரியலங்க. போவணும்னு இருக்கு, போறேன்."

வாளியை இறுக மூடினாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சீப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.