அஸர் பாங்கும் விறைத்த கால்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்முனையில் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் நடந்தது.

"முழுசா மயக்கலாம். இல்லாட்டி முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் விறைக்க வைக்கலாம். உங்களுக்கு ரெண்டும் சரிவரும்," என்றார் டொக்டர்.

மயக்கத்திலேயே உயிர் பிரிந்து மௌத்தாகிப் போனால், கடைசி மூச்சில் சொல்லவேண்டிய கலிமாவைச் சொல்ல முடியாதே என்ற பயத்தில் ஊசியைக் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

கலிமாவை முணுமுணுத்தபடி கிடந்தேன். ஊசி ஏறியதும் இளஞ்சூடான கடலொன்று இடுப்புவரை ஏறி வந்து, என் கால்களை மெல்லக் கொண்டுபோனது. வலியே இல்லை. வாட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த அலையிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஒப்பரேஷன் முடிந்தால் விறைப்பும் முடிந்துவிடும் என்றே நினைத்திருந்தேன். தொழுமுன் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்ய எழும்பலாமென்று போர்வைக்குள் கையை விட்டால், அங்கே யாரோ ஒருவரின் தொடை கனத்துக் கிடந்தது. பதறிப்போய்க் கட்டிலிலிருந்து சரிந்தேன். பக்கத்திலிருந்த தங்கச்சி நபீஸா, "ராத்தா!" என்று கத்திக்கொண்டு கட்டிப்பிடித்திராவிட்டால் தையல் பிரிந்திருக்கும்.

"என்ட கால் எங்க, நபீஸா?" என்று அலறினேன்.

ஓடிவந்த நேர்ஸ், "விறைப்புப் போகச் சில மணித்தியாலம் எடுக்கும். அதுவரைக்கும் எழும்பப்படாது," என்றார். இதை முதலே சொன்னால் என்ன என்று கோபம் வந்தது. கேட்காமல் இருந்ததும் நான்தானே.

அதன் பிறகு, ஒப்பரேஷனுக்குப் போகிற எவரையும் நான் சும்மா விடுவதில்லை. என்ன மயக்கம், எப்போது தெளியும், எப்போது எழும்பலாம் என்று டொக்டரிடம் கேட்கச் சொல்லித்தான் அனுப்புவேன்.

சில வருடம் கழித்து நபீஸாவுக்கும் ஒரு ஒப்பரேஷன், அதே ஊசி. பாங்கு கேட்டதும் அவள் போர்வைக்குள் கையை விட்டுத் தன் தொடையைத் தடவிப் பார்த்தாள்.

"கால் இன்னும் வரல்ல ராத்தா. வந்திரும்," என்று சொல்லி, படுத்தபடியே தொழத் தொடங்கினாள்.