வாத்து இருந்த இடத்தில் என் முகம்

‘உன்னைப் பற்றி ஒரு படைப்பு’ என்று மேடம் போர்டில் எழுதியபோது வகுப்பிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். பழக்கூடை வரையச் சொன்னால் பழம் வாங்க வேண்டும். குதிரை வரையச் சொன்னால் குதிரைக்கு எங்கே போவது? நான் என்றால் எப்போதும் என் கையோடுதான் இருக்கிறேன். செலவே இல்லாத தலைப்பு.

அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் ஓவிய வகுப்பு. இரண்டு வருட டிப்ளமோ. பத்தாவது பாஸ் போதும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ப்ளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அன்றிலிருந்து நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங் வேலை. கீழே பிரிண்டிங், மாடியில் தையலும் செக்கிங்கும். நீளமான டேபிளில் டீ-சர்ட்டின் முன்பக்கத் துணிகளை வரிசையாக ஒட்டி, ஸ்க்ரீனை வைத்து மையை இழுப்போம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். இதைச் செய்துகொண்டிருந்தவனை யாரோ ஒருவர் ‘ஆர்டிஸ்ட்’ என்று கூப்பிட்டுவிட்டார். நான் அதை நம்பிவிட்டேன். கதை அவ்வளவுதான்.

படைப்புக்கு முதலில் நான் யோசித்தது, பார்க்கிறவர்கள் கண்ணீர் விட வேண்டும் என்று. சாயத் தண்ணீர் ஓடும் ஆறு, அதன் மேல் ஊசியும் நூலுமாக ஒரு பெரிய கை, கையிலிருந்து சொட்டும் ரத்தம். ரத்தத்துக்கு நல்ல சிவப்பு கிடைத்திருந்தது, அதனால் தாராளமாகவே சொட்டவிட்டேன்.

மேடம் சற்று நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கப்பா இருக்க?”

“தண்ணிக்குள்ள இருக்கறனுங்க மேடம். முங்கிட்டேன்.”

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “அப்ப வெளிய வந்துட்டு காட்டு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். உள்ளதை உள்ளபடி வரைவது என்று முடிவு. ஆனால் பென்சில் கையில் இருக்கும்போது மனுசனுக்கு ஆசை வராமல் இருக்குமா? தாடையை லேசாக அகலப்படுத்தினேன். மீசையில் காலியாக இருந்த இடங்களை நிரப்பினேன். காதுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். முடித்தபோது எனக்கே பெண் கொடுக்கலாம்போல இருந்தது.

“யாருப்பா இது? உங்க அண்ணனா?” என்றார் மேடம்.

“எனக்கு அண்ணனே இல்லைங்க மேடம்.”

“அதான் கேக்கறேன்.”

இந்தத் தடவை வகுப்பு என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். “அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி. இதுல தேறலைன்னா ரெண்டாம் வருஷத்துக்கு உன்னை அனுப்ப முடியாது.”

“சரிங்க மேடம், எங்களுக்கு ஃபெயிலாகறது பழக்கந்தானுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யாரும் விரட்டாமல், நானாகவே எழுந்து, தலை சீவி, பஸ் ஏறிப் போன ஒரே வகுப்பு அது. இரண்டாம் வருடத்தில் ஆயில் பெயிண்ட் சொல்லித் தருவார்கள். கடைக்குப் போய் அந்த ட்யூப்களை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தேன். வாங்கவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கடைக்காரர் விரட்டினார்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலையில் இறங்குவது என்று தீர்மானித்தேன். என் முகத்தையே ஸ்க்ரீன் பிரிண்ட் போடுவது. போனில் ஒரு செல்ஃபி எடுத்து, அதைப் பார்த்து ஃபிலிமில் வரைந்து, பழைய ஸ்க்ரீன்களில் ஏற்றினேன். மை கலக்க நேரமில்லை. அந்த வாரம் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர். நெஞ்சில் ஒரு வாத்து. வாத்துக்குக் கரைத்த மஞ்சள், அதன் மூக்குக்கு ஆரஞ்சு, கண்ணுக்குக் கறுப்பு. இதே மூன்றிலும் என்னை முடித்தேன். மஞ்சள் முகம், ஆரஞ்சு உதடு, கறுப்புத் தலைமுடி.

சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது, கழித்துப் போட்ட துணிகளில் அடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் கோணிக்கொண்டன. மூன்றாவது பிரமாதம். அதை மை காய வைக்கும் சூட்டு மெஷினின் பெல்ட்டில் போட்டுவிட்டு, ஓனர் வருவதற்குள் ஸ்க்ரீன்களைக் கழுவி மறைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பெல்ட்டின் அந்தப் பக்கம் துணி இல்லை. யாரோ மை துடைக்க எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து வேஸ்ட் மூட்டை எல்லாவற்றையும் கிளறினேன். ஸ்க்ரீனையும் கழுவியாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து செய்ய நாளில்லை. உள்ளுக்குள் செத்துக்கொண்டே இரண்டு நாள் வாத்து அடித்தேன்.

பெல்ட்டிலிருந்து விழுகிற துணியை அப்படியே அடுக்கிக் கட்டி மாடிக்கு அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். அந்தக் கட்டில் நானும் போயிருக்கிறேன். தைக்கிறவர்களுக்குப் பீஸ் ரேட், துணிக்கு இவ்வளவு என்று கூலி. கையில் வருவதைத் தைத்துத் தள்ளுவார்கள். வாத்தா, ஆளா என்று பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு ஏறாது. எனக்குக் கழுத்து வைத்து, கை வைத்து, கீழ்மடிப்பு மடித்து, வெளிநாட்டு லேபிளும் வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். செக்கிங் டேபிளில் விளக்குக்குக் கீழே நான்கு வயதுக் குழந்தைக்கான டீ-சர்ட் ஒன்று விரித்திருந்தது. அதில் வாத்து இருக்க வேண்டிய இடத்தில் நான். முகம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள். துணியில் ஓட்டை, அழுக்கு, நூல் விட்டது எதுவானாலும் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. செக்கிங்கில் இருக்கும் கோவில்பட்டிப் பக்கத்து அக்கா ஒரு அட்டை ஸ்டிக்கரை என் மேலேயே தீர்த்திருந்தார்.

“ஏலே, நீதானா இது? நான் ஏதோ புது மிருகம்னுல்லா நினைச்சேன்” என்றார் அக்கா.

“என்னக்கா இத்தனை அம்பு?”

“தப்பு இருக்க இடத்துல ஒட்டணும்ல. மூக்கு சாஞ்சிருக்கு, ஒண்ணு. மீசை விட்டு விட்டு மொளைச்சிருக்கு, நாலு. இந்தக் காதும் அந்தக் காதும் வேற வேற சைசு. எந்தக் கம்பெனி மெஷர்மெண்டுலே இது?”

பக்கத்து டேபிள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“கண்ணுக்கு எதுக்குக்கா?”

“கண்ணு நேராவா பாக்கு? கீழ பாக்கான் பாரு. எதிர்ல நிக்கவங்களப் பாக்கல. வேற எதையோ பாத்துக்கிட்டு நிக்கான்.”

செல்ஃபி எடுக்கும்போது நான் கேமராவைப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சூடானது.

அதற்குள் ஓனர் கத்திரியோடு வந்துவிட்டார். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

“ஏனுங் சார், வாத்து கேட்டா நீங்க உங்களையே குடுத்திருக்கறீங்களாட்ட இருக்குதுங்க?”

‘சார்’ என்றால் வேலை போகும் நிலைமை. “தெரியாம கலந்துருச்சுங்ணா. காலேஜுக்குப் பண்ணுனதுங்க.”

“அப்புடீங்களா. காலேஜுங்களா. சித்த தள்ளி நில்லுங்க.”

ரிஜெக்ட் ஆன பீஸ் வெளியே போய்விடக் கூடாது. வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் போட்ட லேபிள் இருப்பதால் நடுவில் கத்திரியால் ஒரு வெட்டு வெட்டித்தான் மூட்டையில் போடுவார்கள். கத்திரி என் நெற்றிக்கு நேராகத் திறந்தது.

“அண்ணா, வெட்டாதீங்ணா!” கத்திவிட்டேன். நான் கத்தி அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. “ஞாயித்துக்கெழம இதக் காட்டுலீன்னா என்னைய வெளிய அனுப்பிருவாங்ணா. படிக்கோணுங்ணா.”

ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஏதோ ஜோக்கு சொல்லி முடிக்கப் போகிறேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

“லேபிளு மட்டும் வெட்டுங்க முதலாளி” என்றார் அக்கா. “இந்த மூஞ்சிய எவன் வெல குடுத்து வாங்கப் போறான்?”

ஓனர் கழுத்து லேபிளைக் கத்தரித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எடுத்துட்டுப் போ. திங்கக்கெழம வந்து வாத்தை ஒழுங்கா அடி” என்றார். மரியாதை இறங்கிவிட்டது. வேலை பிழைத்தது.

அம்புகளைப் பிய்க்கலாமா என்று வீட்டில் வைத்து யோசித்தேன். பிய்த்தால் மறுபடி அந்த இல்லாத அண்ணன்தான் மிஞ்சுவான். அப்படியே ஹேங்கரில் மாட்டிக் கொண்டுபோனேன்.

மேடம் கிட்டே வந்து ஒவ்வொரு அம்பாகப் பார்த்தார். “இதெல்லாம் யார் ஒட்டினது?”

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. நானே யோசித்து ஒட்டியது என்றால் கைதட்டியிருப்பார்கள். “எங்க கம்பெனி செக்கிங் அக்காங்க மேடம்.”

“இந்தக் கலர்?”

“கம்பெனில அடிக்கற வாத்தோடதுங்க.”

“தைச்சது?”

“டெய்லருங்க.”

“அப்ப உன் வேலை இதுல என்ன?”

“தப்பு மட்டும் என்னுதுங்க மேடம்.”

வகுப்பு சிரித்தது. மேடம் டீ-சர்ட்டின் ஓரத்தில் சும்மா ஒட்டியிருந்த ஓர் அம்பைப் பிரித்து என் விரலில் வைத்தார். “அவங்க பார்த்ததை அவங்க ஒட்டிட்டாங்க. நீ பார்த்ததை நீ ஒட்டு. ஒண்ணே ஒண்ணு.”

முகத்தில் இடமே இல்லை. தேடியதில் உதடு மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஒட்டினேன்.

“ஏன்னு சொல்லு.”

வாயைத் திறந்தேன். முதலில் ஒரு ஜோக்கு வந்தது, விழுங்கினேன். அடுத்து வந்ததும் ஜோக்குதான், இன்னும் நல்ல ஜோக்கு. அதை விழுங்கத்தான் கஷ்டமாக இருந்தது. அதையும் விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“எனக்கு வரையவே வராதோன்னு பயமா இருக்குதுங்க மேடம். அதைய யாரும் கண்டுபிடிச்சறக் கூடாதுன்னுதான் பேசீட்டே இருக்கறனுங்க.”

பின்வரிசையில் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதையும் ஜோக்கு என்று நினைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு வருடமாக நான் கொடுத்த பயிற்சி அப்படி.

மேடம் நோட்டில் ஏதோ குறித்துவிட்டு, “போய் உக்காரு. ரெண்டாம் வருஷத்துக்கு ஆயில் பெயிண்ட் வாங்கி வச்சுக்கோ” என்றார். நாலு வயசு டீ-சர்ட்டைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டே இருந்தேன். அடுத்தவன் தன் படத்தோடு வந்து, “நகருங்ணா” என்று இடித்துத் தள்ளும்வரை.