கடலை உருண்டையோடு பள்ளிக்கூடம் போனோம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் வடகரப்பதியில் கார் ஏறினோம், நானும் எட்டு வயது மகள் தர்ஷினியும். நெடும்பாசேரி விமான நிலையம் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். வாடகை நாலாயிரம் ரூபாய். என் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. எங்கள் காட்டில் விளைந்த நிலக்கடலையில் வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்த உருண்டைகள், பிள்ளையாருக்குப் படைத்தவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கமில்லை.

“ஏனுங்க்கா, மஸ்கட்ல கடலை கிடைக்காதுங்களா?” என்றார் டிரைவர்.

“கிடைக்குமுங்க. நம்மூர்ப் பிள்ளையார் கிடைக்க மாட்டாரல்லோ.”

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் பஸ் ஓட்டுகிறார். ஊழியர் பிள்ளைக்கென்று ஓர் இடம் காலியாகியிருந்தது. பள்ளித் தலைமை மேடம் பிள்ளையைப் பார்த்துப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள்; குடும்பமும் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் விசிட் விசா முடிந்ததும் நாங்கள் திரும்ப வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகும் அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

விமானம் ஏறிய மூன்று மணி நேரத்தில் கடல் முடிந்து, ஒரு புல்கூட இல்லாத மலைகள் தெரிந்தன. “அம்மா, மலையெல்லாம் சட்டை போடாம நிக்குது,” என்றாள். மஸ்கட் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அப்பாவைக் கண்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். பள்ளி வாசலில் இருந்த செக்யூரிட்டி எங்கள் பக்கத்து ஊர், நல்லேப்பிள்ளிக்காரர். பையைத் திறந்தவர் சட்டென்று மூடினார்.

“அய்யோ அக்கா, கடலையா? இது உள்ள போகக் கூடாதுங்க. இங்க ஒரு குழந்தைக்குக் கடலை பட்டாலே மூச்சு முட்டிப் போகும். ஒரு துணுக்குப் போதும்.”

“சாமி பிரசாதமுங்க.”

“சாமிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. குழந்தைக்குத்தான் ஆகும்.”

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பஸ்ல தினமும் நானே சொல்றேன். ஊட்டுல சொல்ல மறந்துட்டேனே.” டப்பா வாசலிலேயே நின்றுவிட்டது.

உள்ளே வெள்ளைக்கார மேடம் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். தர்ஷினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு உயிரே போயிற்று. மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைத்துவிட்டால்?

“கை குடு, அம்மிணி,” என்று கிள்ளினேன்.

“மாட்டேன். வர்ற வழில நீதான உருண்டை குடுத்த? கையில கடலை இருக்குது. கழுவோணும்.”

நினைவு வந்தது. காலையில் பள்ளிக்கு வரும்போது காரில் அவள் பசிக்கிறது என்றாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தது நான்தான். வாசலில் அவ்வளவு கேட்டும் என் புத்திக்கு இது எட்டவில்லை. என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மேடத்திடம் திக்கித் திக்கிச் சொன்னார். மேடம் அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். நானும் போய் என் கையைக் கழுவினேன். திரும்பி வந்து, தர்ஷினி ஈரக் கையோடு கை கொடுத்தாள்.

பிறகு மேடம் கேட்டதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. படம் வரையச் சொன்னார். சட்டை போட்ட மலை ஒன்று வரைந்தாள். அரைமணி நேரம் கழித்து மேடம் ஏதோ சொல்ல, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க சொன்னாங்க?”

“இங்கிலீஷ் அவங்க சொல்லித் தர்றாங்களாம். ஞாயித்துக்கெழம இருந்து வரச் சொன்னாங்க.” இங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்குகிறது.

உருண்டைகளைச் சாயங்காலம் டிரைவர்கள் தங்கும் அறையில் பகிர்ந்தோம். தின்றவர்கள் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள் தர்ஷினி.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் ஒரு பிடி கடலையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுத் தின்பார்கள், அதுவே பிரியம். இங்கே ஒரு குழந்தைக்காகப் பள்ளி முழுக்கக் கடலை தொடாமல் இருக்கிறது. சாமிக்கு விரதம் இருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இருந்து பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் அடுப்படியிலும் கடலை எண்ணெய் கிடையாது. அந்தக் குழந்தை யாரென்று தெரியாது. விளக்கு வைக்கும்போது, பெயர் தெரியாமலே அதற்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.