பத்மா அக்காவின் மஞ்சள் குச்சி

விடுதி அடுப்பில் உலை வைத்து அரிசியைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்மா அக்கா ஒருநாளும் அவ்வளவு நேரம் கழித்து வந்ததில்லை. ஆட்டோக்காரர் ஒருவர்தான் உள்ளே வந்து சொன்னார். வளைவில் லாரி உரசிவிட்டதாம், ஆஸ்பத்திரி போகும் முன்பே உயிர் போய்விட்டதாம். கரண்டி என் கையிலேயே இருந்தது. சோறு குழைந்து போனது.

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மாணவர் விடுதிக்குச் சமைக்க நாங்கள் இருவரும் சைக்கிளில்தான் போவோம். ஒருமுறை பஸ் இடித்து விழுந்ததும், சைக்கிளே வேண்டாம் என்று அழுதேன். அக்கா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தபோது உடுத்திய மஞ்சள் துணியைக் கிழித்தார். முழக் குச்சிகள் இரண்டில் கட்டி, எங்கள் கேரியர்களில் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வைத்தார். "காவடிக்கு ஒதுங்காத டிரைவரு இந்த ஊர்ல இருக்கானா?" என்றார். சாமித் துணியாயிற்றே என்று எனக்குப் பயம். ஆனால் வண்டிகள் ஒதுங்கின.

ஆந்திரா பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கைகூப்பி, எந்த ஊர்க் காவடி என்று கேட்டார்.

"சோத்துக் காவடி நைனா. புள்ளைங்க பசியா குந்திகினு இருக்குதுங்க, வழி வுடு" என்றார் அக்கா.

கடைப் பலகைகளும் ஆட்டோக்களும் ஓரத்தை அடைத்ததால்தான் நாங்கள் நடுரோட்டில் ஓட்டினோம். ஓரத்தைக் காலி செய்து கோடு போட்டுத் தரச் சொல்லி நகராட்சி ஆபீசில் மனு கொடுத்தோம். சைக்கிளுக்குத் தனி ரோடா என்று அங்கிருந்தவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ரோட்ட கேக்கல சார். ஓரத்த கேக்கறேன்." மூன்று முறை போனோம். ஒன்றும் நடக்கவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களிடம் இதை மறைக்க முடியாது. அக்கா போன அன்று காலை என் குச்சி முறிந்திருந்தது. அக்கா தன் குச்சியை அவிழ்த்து என் கேரியரில் கட்டினார். வேண்டாம் என்றேன். "நீ பயந்துகினே ஓட்டுவ. முன்ன போ, நான் வரேன்." நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சைக்கிளை எடுத்தேன். விற்றுவிடு என்கிறார் என் வீட்டுக்காரர். விற்றால் வேலைக்கு எப்படிப் போவது? அந்த வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடந்தேன். ஓரத்தில் அதே ஆட்டோக்கள்.

அக்காவின் குச்சி என் கேரியரில் இருக்கிறது. துணியைப் பார்த்து லாரி ஒதுங்கும் என்ற நம்பிக்கைதான் போய்விட்டது. இந்த முறை மனுவை எனக்குத் தெரிந்த எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். ஓரத்தைத்தான் கேட்கிறேன். என்னோடு மனு கொடுக்க வருகிறவர்கள் சைக்கிளில் வாருங்கள்.