மாப்பிள்ளையின் மூன்று குளியல்

போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில், ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, என் தங்கை கணவரின் நெஞ்சை மூன்று முறை முகர்ந்து பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். பட்டப்பகலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க... செய்தேன். காரணம் இருக்கிறது.

என் தங்கை தேவிக்கு மூன்று வாரம் முன்பு பெண் குழந்தை பிறந்தது. நாள் குறித்ததற்கு இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக்கூட நேரத்துக்குப் போனவர் கிடையாது. இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ!

எடை ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். தூக்கத்தில் அவ்வப்போது மூச்சு விட மறந்துபோகிறாள். உடனே பக்கத்தில் இருக்கும் மெஷின் கத்தும். கேட்கிற எங்களுக்கும் மூச்சு நின்றுவிடும்.

அவளைப் பார்த்துக்கொள்பவர் மிஸ்ஸி அமலா. நர்ஸ் என்றால் நமக்கு மிஸ்ஸிதானே? சிகாமட் ஊர்க்காரர். வீட்டில் இருக்கும் தேவிக்குத் தினமும் காலையில் அவரே போன் செய்வார்.

"இன்னிக்கு எட்டு மில்லி பால் குடிச்சிட்டா தேவி. ராட்சசி லா, ஒங்க பொண்ணு!"

எட்டு மில்லி! இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. அதைக் கேட்டு தேவி கொஞ்சம் அழுவாள். அழுதுவிட்டுப் பசியாறுவாள். அமலா போன் செய்வதே அந்தப் பசியாறலுக்காகத்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

குறைமாதக் குழந்தையைச் சட்டையில்லாத நெஞ்சில் போட்டு அணைத்துக்கொண்டால் உடம்புச் சூடு நிற்குமாம், மூச்சு சீராகுமாம். தேவி அதைச் செய்துகொண்டுதான் இருந்தாள். போன வாரம் அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்துவிட்டன. குணமாகும் வரை வார்டு பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அப்பாவின் நெஞ்சு ஒன்றுதான்.

அப்பா யார்? மாப்பிள்ளை லோகன். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் கிரேன் ஓட்டுகிறவர். வீடு பெரிசு கண்டெய்னரைச் சத்தமில்லாமல் கீழே வைப்பவர். சொந்த மகளை அதுவரை தொட்டதில்லை.

முதல் ஞாயிறே அமலா கூப்பிட்டார். மூக்கடைப்பு என்றார் லோகன். அடுத்த ஞாயிறு பாலத்தில் ஜாம் என்றார். சனிக்கிழமையே பாலத்துக்கு இந்தப் பக்கம் கூலாய் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட மனிதருக்கு ஞாயிறு காலையில் எந்தப் பாலத்தில் ஜாம்?

நாம் ஆண்கள் இப்படித்தான். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாக்கு வெந்துவிடும். மூக்கு, முதுகு, டயர் என்று ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போடுவோம்.

அதனால் மூன்றாவது ஞாயிறு நானே காரை எடுத்துக்கொண்டு போய் அவரை ஏற்றிக்கொண்டேன். வழியில் ஸ்கூடாய் தாண்டும்போது ஆரம்பித்தார்.

"மச்சான், வயிறு ஒரு மாதிரி இருக்கு. திரும்பிறலாமா?"

"அதெல்லாம் முடியாது மாப்ள. இந்தாங்க, இத தேய்ங்க."

நான் கொடுத்தது மின்யாக் அங்கின். அதாவது, ஒவ்வொரு மலேசியக் காரிலும் இருக்கும் அந்தப் பச்சைத் தைலம். தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி, மாமியார் வருகை எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதானே மருந்து? வயிற்றில் ஆரம்பித்தவர் நெஞ்சு, கழுத்து, நெற்றி என்று பாதி பாட்டிலைக் காலி செய்தார். வாசனை நன்றாக இருக்கிறதே என்று நானும் மூக்கடியில் கொஞ்சம் தடவிக்கொண்டேன்.

வார்டு வாசலிலேயே அமலா நின்றுவிட்டார்.

"அலமாக்! யாரு இந்த எண்ணெய பூசுனது?"

நான் லோகனைக் காட்டினேன். லோகன் என்னைக் காட்டினார்.

"பாப்பாவுக்கு மூச்சு விடுறதே பெரும்பாடு. இந்த நெடி ஆகவே ஆகாது அண்ணே."

லோகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தீபாவளி.

"அப்ப அடுத்த ஞாயிறு வரட்டா மிஸ்ஸி?"

அமலா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இன்னிக்கே ஆகட்டும் அண்ணே. அங்க பாத்ரூம் இருக்கு, வாசனை இல்லாத சோப்பு தரேன், குளிச்சிட்டு வாங்க. என் டூட்டி ரெண்டு மணிக்கு முடியுது. பரவால்ல, நான் இருக்கேன். அங்கிள், நீங்க மோந்து பாத்து அனுப்புங்க."

லோகன் அண்ணன், நான் அங்கிளாம்! எனக்கும் அவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். சரி, சண்டை போட நேரமில்லை.

முதல் குளியல். முகர்ந்தேன். துளி வாசனை இல்லை. அனுப்பினேன். அமலா திருப்பி அனுப்பினார். இரண்டாவது குளியல். சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தேன். மறுபடியும் திரும்பி வந்தார். அப்போதுதான் உறைத்தது, என் மூக்கே தைலத்தில் ஊறிக்கிடக்கிறது! முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன். மூன்றாவது குளியலுக்குப் பிறகு லோகன் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் வந்து நின்றார். முகர்ந்தேன். பாக்சிக் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மணி இரண்டேகால். அமலா பையை மாட்டிக்கொள்ளாமல் காத்திருந்தார்.

ஒருவர்தான் உள்ளே போகலாம். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, பேச்சு காதில் விழுந்தது.

"மிஸ்ஸி... என் கைய பாருங்க, நடுங்குது. எனக்குப் பயமா இருக்கு. ஒடஞ்சிருவா."

அப்பாடா, சொல்லிவிட்டார்!

"ஒங்க கைய யாரு கேட்டா? நெஞ்ச மட்டும் குடுங்க. கைய நான் பாத்துக்கிறேன்."

சாய்வு நாற்காலியில் அவரைச் சாய வைத்து, குழாய்களை ஒதுக்கி, குழந்தையை நெஞ்சில் கிடத்தினார். லோகனின் வலது கையை எடுத்து அவள் முதுகின் மேல் வைத்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நடுக்கம் நிற்கும் வரை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளையின் உள்ளங்கையும் ஒரு குட்டித் தொப்பியும்தான்.

பத்து நிமிடம் போனது. மெஷின் கத்தவில்லை.

"மிஸ்ஸி, மெஷின் சத்தமே காணோம். கெட்டுப் போச்சா?"

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க மக ஒழுங்கா மூச்சு விடுறா."

அவ்வளவுதான். லோகனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நெஞ்சும் குலுங்கியது. நெஞ்சின் மேல் தொப்பியும் ஏறி இறங்கியது. அமலா டிஷ்யூ எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழுவுங்க அண்ணே, நல்லா அழுவுங்க. ஆனா ஆடாம அழுவுங்க. பாப்பா தூங்குது."

லோகன் ஆடாமல் அழுதார்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை!