மீட்டர் பார்ப்பவர்

எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் போடுபவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு, சுவரிலுள்ள மின்சார மீட்டர்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாராவது படியிறங்கி வந்தால், "இந்த வீட்டுது ரொம்ப வேகமா ஓடுதுங்க" என்று கவலைப்படுவார். மூச்சு வாங்குவது தெரியக் கூடாது, அவ்வளவுதான். காவலாளி அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

போன மாதம் அவருக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் சொன்ன ஓய்வு ஆறு வாரம். முதலாளியிடம் இவர் சொன்னது வயிற்றுவலி. கிடைத்த விடுப்பு நாலே நாள். "நெஞ்சுன்னா வேற ஆளப் போட்டுருவாரு. வயிறுன்னா எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

மருத்துவமனையில் வழவழவென்று ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் தம்பதிகள் சிரித்துக்கொண்டே பூங்காவில் நடக்கிறார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். மனதை லேசாக வைத்திருங்கள். காலை பத்து மணிக்கு உடற்பயிற்சி வகுப்புக்கு வாருங்கள். கேன் இருபது கிலோ. அந்தப் பத்து மணிக்குத்தான் கட்டடம் மொத்தத்துக்கும் தாகமெடுக்கும்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற மேலாளருக்கும் அதே வாரம், அதே டாக்டர். "சாரும் நானும் ஒரே பேட்ச்சுங்க" என்பதில் நம்மவருக்கு அலாதிப் பெருமை. மேலாளருக்கு வேளாவேளைக்கு மாத்திரையை மனைவி எடுத்துக் கையில் கொடுக்கிறார். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறார். "அப்பத்தான் ரெண்டு மாசம் வரும்." கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது?

கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் இல்லை. 'குடியிருப்போருக்கு மட்டும்' என்ற பலகையின் கீழே சங்கத் தலைவர் என்று கையெழுத்திட்டிருப்பவர் இதே மேலாளர்தான்.

நேற்று கதவைத் திறந்ததுமே அவர் கடிந்துகொண்டார். "என்னப்பா, வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் உனக்கும்தானே சொன்னாரு? உடம்பப் பாத்துக்க வேணாமா?"

"சரிங்க சார்."

"அப்படியே இதைத் தூக்கி ஸ்டாண்டுல கவுத்து வச்சுட்டுப் போயிடு. நான் தூக்கக் கூடாது பாரு."

"ஐயோ, நீங்க தொடாதீங்க சார்!" நிஜமாகவே பதறிப்போய், ஒரே மூச்சில் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். மேலாளருக்குத் திருப்தி.

"அந்தப் புத்தகத்தைப் படிக்கிறியா?"

"எப்பவும் கூடவேதான் சார் இருக்கு."

பொய்யில்லை. கீழே வந்து வண்டியிலிருந்து அடுத்த கேனை இறக்கியவர், இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தை எடுத்து, இரண்டாக மடித்து, துண்டுக்குள் பொதிந்து தோளில் வைத்துக்கொண்டார். அதன்மேல் கேனை ஏற்றினார்.