நீர்ப்பூங்காவுக்கு ஒரு படையெடுப்பு

சுனாமிக்குப் பிறகு என் மகள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கிழக்குக் கரையில் எங்கள் செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கால் நனையாமல் ஒரு பிள்ளை வளர்ந்தாள். தகப்பன் நான் வாவியில் வலை வீசுகிறவன். இதைவிட வெட்கம் வேண்டுமா?

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், கொழும்புப் பக்கத்தில் ஒரு நீர்ப்பூங்கா இருப்பதைத் தொலைக்காட்சியில் கண்டாள்.

"அங்க போனா நான் இறங்குவன் அப்பா."

"ஏன் அங்க மட்டும்?"

"அந்தத் தண்ணி சுவரத் தாண்டி வராது."

வெளிக்கிட்டோம்.

பூங்காவுக்குள்ளேயே ஹோட்டல் இருந்தது. வாடகையைக் கேட்டுவிட்டு போனை மெதுவாக வைத்தேன். வெளியே பெரிய ரோட்டில் ஒரு லொட்ஜ் கிடைத்தது. அதை நடத்தியவர் மலையகத்துக்காரர். அவரிடம் விசாரித்துத்தான் திட்டம் போட்டேன்.

"பார்க் காலையில லேட்டாத்தாங்க தொறப்பாங்க. ஆட்டோவுல ஏறி உக்காந்தா வந்துரும்."

"வழியில எத்தின செக்பொயின்ற்?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒன்னும் இல்லீங்க."

நான் நம்பவில்லை. இல்லை என்று சொன்ன பாதையில்தான் என்னை அதிகம் இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். விடியுமுன் கிளம்புவது என்று முடிவெடுத்தேன். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன்.

மனைவி பையைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, நாம விளையாடப் போறமா, விசாரணைக்குப் போறமா?"

"ரெண்டுக்கும் நேரத்துக்குப் போகணும்."

ஆட்டோவை ஒருவரும் மறிக்கவில்லை. பூங்கா வாசலில் இறங்கும்போது வானம் இன்னும் வெளுக்கவில்லை. கதவு பூட்டிக் கிடந்தது. எதிரே இருந்த மதகில் உட்கார்ந்தோம். நுளம்பு கடித்தது. வெயில் ஏறியது. மனைவி கிராம சேவகர் கடிதத்தை எடுத்து விசிறிக்கொண்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவு திறந்ததும் அடையாள அட்டையை நீட்டினேன். டிக்கெட் கொடுத்த பெண் அதைத் தொடக்கூட இல்லை. பைகளைச் சோதித்த காவலாளிதான் எங்களை நிறுத்தினார். வெளிச் சாப்பாடு கூடாதாம். மனைவி வீட்டிலிருந்து பொரித்துக் கொண்டுவந்த இறாலை வாங்கி வைத்துக்கொண்டார். யுத்த காலம் முழுக்க என் பையைக் கிளறியவர்கள் ஒருவரும் இறாலில் கை வைத்ததில்லை.

அலை வரும் குளம் என்று ஒன்று. கரை போலவே சரிவாகக் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் மகள் வெகுநேரம் நின்றாள். பிறகு விரல் நனைத்தாள். கணுக்கால் வரை போனாள். முழங்கால் வரை போனாள். நான் பக்கத்தில் நின்றேன். மனைவி மறுபக்கம்.

அப்போது சைரன் ஊதியது.

எங்கள் கரையில் சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கைக் கோபுரம் நட்டிருக்கிறார்கள். ஊதினால் ஏன் என்று கேட்காமல் ஓடச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். நான் நல்ல மாணவன். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கதிரைகளைத் தள்ளி விழுத்திக்கொண்டு, நீர்ச்சறுக்கின் படிக்கட்டில் உச்சிவரை ஏறிவிட்டேன். சுனாமி அன்று ஓடியபோது அவள் இவ்வளவு பாரமில்லை.

திரும்பிப் பார்த்தேன். கீழே சனம் கூக்குரலிட்டுத் துள்ளியது. சைரன், அலையைத் தொடங்கப் போகிறோம் என்பதற்காம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குளத்துக்குள் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன விட்டிட்டா ஓடினீங்க?"

பூங்கா முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இனி மகள் கிணற்றடிக்கும் போகமாட்டாள். தோளில் கிடந்து குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இறக்கி விடுங்க அப்பா. அலை முடியப் போகுது."

இறக்கினேன். கூடவே ஒரு படி இறங்கினேன்.

"நீங்க வராதீங்க. திரும்பத் தூக்கிட்டு ஓடுவீங்க."

தனியே இறங்கிப் போய்த் தாயின் கையைப் பிடித்தாள். அலை நெஞ்சு வரை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடுத்ததற்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

நான் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன். தண்ணீர் அசையாமல் கிடந்த பிறகுதான் இறங்கினேன்.